இரும்பில்லாத அம்பு

சந்தேகம் என் கூடப் பிறந்தது. பால்காரன் செம்பைக் கவிழ்த்துக் காட்டினால், ஏன் இன்றைக்கு மட்டும் காட்டுகிறான் என்று நினைப்பேன். யாராவது கொஞ்சம் அதிகமாகச் சிரித்துப் பேசினால் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கப்பலேறி ரங்கூனுக்கு வந்த பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. பாஷை அரைகுறையாகப் புரிகிற ஊரில், புரியாத மீதியில்தான் எல்லாரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தோன்றும். என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உன்னயப் போலீசுல சேத்துருக்கணும்" என்பார். அந்தச் சிரிப்பைத்தான் நான் முதலில் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. லான்மடா பேட்டையில் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், மர வீடு ஒன்றின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் எங்களுக்கு. அவருக்குத் துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்குகிற வின்ச் இழுக்கிற வேலை. எனக்கு முன்னால் பல வருஷம் அவர் ரங்கூனில் தனியாக இருந்தவர். ஊருக்கு வந்து என்னைக் கட்டி, கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை இல்லை. அந்தக் குறையை என் மாமியார் ஊரிலிருந்து ஆள் விட்டுக் கேட்பார். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய மனசு என்று நான் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சந்தேகப்படாமல் இருந்தேன்.

நாங்கள் ராமநாதபுரத்துப் பக்கம், வில்லெடுத்து வேட்டைக்குப் போகிற ஆட்கள். கடல் தாண்டியும் அவருக்கு அது விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வில்லோடு ஆற்றைக் கடந்துவிடுவார். ரங்கூனில் துப்பாக்கிக்கு லைசென்ஸ் துரைமாருக்கும் துரைமாருக்கு வேண்டியவர்களுக்கும்தான். வின்ச் இழுக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? வில்லுக்கு எவனும் சீட்டுக் கேட்பதில்லை. அதனால் த்வாண்டே கால்வாயை ஒட்டிய சதுப்பிலும் நெல் வயல்களிலும் இவர்கள் வைத்ததுதான் சட்டம்.

இவர்கள் என்றால் மூன்று பேர். இவர், ரயில்வே ஷெட்டில் வேலை பார்க்கிற ஒரு ஃபிட்டர், த்வாண்டே பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற, பர்மாவின் கரேன் இனத்துப் பெரியவர் ஒருவர். ஃபிட்டர் எங்கள் ஊர்ப்பக்கம், கல்யாணமாகாதவர், என்னை மதினி என்பார். கரேன்காரர் வெற்றிலை விற்க நகரத்துக்கு வரும்போது எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். சந்தைத் தமிழ் பேசுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் முன்னறையில் வில்லுகளின் கச்சேரி நடக்கும். நான் அடுப்படியில் இருந்துகொண்டே கேட்பேன். ஃபிட்டரிடம் இருந்தது ஆள் உயர மூங்கில் வில். இரண்டு பட்டை மூங்கிலை முதுகோடு முதுகு சேர்த்து, பிரம்பால் கட்டியது. மழை முடிந்து வெட்டிய மூங்கில்தான் வளையும், முன்னால் வெட்டினால் உளுத்துப்போகும் என்று அதற்கு ஒரு சாஸ்திரம் சொல்வார். நாணல் அம்பு, பருந்து இறகு, ஷெட்டில் விழுந்த இரும்புத்துண்டைத் தட்டிச் செய்த முனை. கரேன்காரருடையது குறுக்குவில். அதை டூலே என்பார்கள். கட்டையில் கிடத்தி, காலால் மிதித்து நாணை இழுத்து மாட்டி, துப்பாக்கி போலக் குறிபார்க்கிற வில். அதன் அம்பு ஒரு முழம்கூட இருக்காது. இறகுக்குப் பதிலாகப் பனையோலையை மடித்துச் செருகியிருக்கும். முனையில் கறுப்பாக ஒரு பிசின். அது விஷம்.

என் வீட்டுக்காரர் வைத்திருந்தது உண்டிவில். இரட்டை நாண், நடுவில் பின்னிய சின்னப் பட்டை, அதில் அம்பில்லை, மண்ணுருண்டை. விடும்போது மணிக்கட்டை ஒரு திருப்புத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உருண்டை நம் கட்டைவிரலையே பதம் பார்த்துவிடும். பர்மாக்காரர்களும் இதே வில்லை வைத்திருந்தார்கள், லோக்லே என்று பெயர்.

"ஒண்ணு விட்டா இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரணும். அதுக்குப் பேருதான் அம்பு. அண்ணன் வச்சிருக்கது காக்கா வெரட்டுறது" என்பார் ஃபிட்டர்.

"நீ ஒரு அம்பத் தொலைச்சுட்டுப் பொழுதன்னைக்கும் புல்லுக்குள்ள தவழுற. எனக்கு மடி நெறைய உருண்டை. போனாப் போகுது" என்பார் இவர்.

கரேன்காரர் வெற்றிலையை மென்றுகொண்டு, "சத்தம் வேணாம், கோவம் வேணாம். சும்மா உக்காரு. அது தானா வுளும்" என்பார். மற்ற இரண்டு பேரும் அவரை மரியாதைக்காக மறுக்கமாட்டார்கள்.

ஆம்பிளைகள் இவ்வளவு நேரம் வில்லைப் பற்றியே பேசுகிறார்கள் என்றால், வேறெதையோ பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்குப் படும். ஒருவர் த்வாண்டே என்று ஆரம்பித்தால் இன்னொருவர் இருமுவார். அடுப்படிக்கு இருமல் நன்றாகக் கேட்கும்.

வேட்டைக்குப் போகாவிட்டாலும் வேட்டையைப் பற்றி எனக்கு ஆம்பிளைகளைவிட நன்றாகத் தெரியும். என் அப்பாவும் அண்ணன்மாரும் அடித்துக் கொண்டுவந்த எல்லாவற்றையும் மயிர் பறித்துக் கழுவியது நான்தானே. உண்டிவில்லில் விழுந்த பறவைக்குத் தோல் கிழியாது. உள்ளே இரத்தம் கட்டிக் கறுத்திருக்கும், எலும்பு நொறுங்கியிருக்கும். ஃபிட்டரின் அம்பு பட்டால் இரண்டு பக்கமும் ஓட்டை. டூலேயில் விழுந்ததென்றால் அம்பு பட்ட இடத்தைச் சுற்றிச் சதையை வட்டமாக அறுத்து எறிந்திருப்பார்கள். விஷம் நின்ற சதை அது. மிச்சத்தைத் தாராளமாகச் சாப்பிடலாம். இந்த மூன்று பேரும் எதைக் கொண்டுவந்து போட்டாலும், இது யார் கைவேலை என்று நான் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் கானாங்கோழி ஒன்றைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் எப்போதும் போல வாசலிலேயே போட்டுவிட்டுக் கால் கழுவப் போகவில்லை. அடுப்படி வரைக்கும் வந்து என் கையில் கொடுத்தார்.

"இத யாருக்கும் பங்கு குடுக்காத. நம்ம அடுப்புலயே ஆக்கு. மிச்சம் வைக்காமச் சாப்புடு."

"நீங்க?"

"எனக்கு வயிறு சரியில்ல. நீ சாப்புடு."

வயிறு சரியில்லாதவர் அன்று இராத்திரி நாப்பி என்கிற மீன் விழுது போட்ட குழம்பில் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கோழியைப் பறித்தபோது நெஞ்சில் ஓட்டை இருந்தது. ஆனால் ஒரு பக்கம்தான். அம்பு பாதி தூரம் போய் நின்றிருக்கிறது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மூங்கில் சிராய் ஒன்று குத்தியது. இரும்பு போன வழி வழுவழுப்பாக இருக்கும், சிராய் விடாது. உண்டிவில் இல்லை, ஃபிட்டரின் அம்பு இல்லை. டூலே என்றால் சதையை அறுத்திருக்க வேண்டும், அறுக்கவில்லை.

அறுக்கவில்லை என்ற இடத்தில் என் புத்தி நின்றது. விஷம் பட்ட சதையை அப்படியே விட்டு, பொண்டாட்டி கையில் கொடுத்து, யாருக்கும் கொடுக்காதே, நீ மட்டும் சாப்பிடு என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? குழந்தை பெறாத பொண்டாட்டிக்கு அதற்கு வேறு அர்த்தம் தோன்றுமா?  ஓட்டையைச் சுற்றிப் பெரிதாக அறுத்து எடுத்தேன். பக்கத்து வீட்டுச் சீனக்காரர் பூனை எப்போதும் எங்கள் அடுப்படியிலேயே கிடக்கும், அதற்கு முதலில் ஒரு துண்டு வைத்தேன். பாவம்தான். அது தின்றுவிட்டு மீசையை நக்கிக்கொண்டது. மறுநாள் உயிரோடு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, இன்னும் இருக்கிறதா என்று கேட்டது. விஷம் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. விஷமும் இல்லையென்றால் பின்னே என்ன?

அதற்குப் பிறகு அந்த மாதிரிப் பறவைகள் அடிக்கடி வந்தன. ஒரு உள்ளான், ஒரு சிறகி, மறுபடி கானாங்கோழி. ஒவ்வொன்றிலும் அதே ஆழமில்லாத ஓட்டை, அதே மூங்கில் சிராய். ஒவ்வொரு தடவையும் அவர் அடுப்படி வரை வந்து என் கையில் கொடுப்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு வயிறு சரியிருக்காது. உண்டிவில்லில் தான் அடித்ததை மட்டும் நன்றாகவே சாப்பிடுவார்.

நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வார், பொய்யைக் கேட்ட பிறகு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். அவர் வேலைக்குப் போன நேரத்தில் உருண்டைப் பையைக் கொட்டிப் பார்த்தேன். சட்டிப்பானைக்குப் பேர்போன த்வாண்டே மண், சூளையில் வைத்துச் சுட்டது. "நானே உருட்டுனது" என்று சொல்லியிருந்தார். இரும்புக் கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரல் அவருடையது, ஒரு உருண்டைச் சோற்றைக்கூட ஒழுங்காக உருட்டாது. பையில் இருந்ததெல்லாம் ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு. சிலதில் விரல் பதிந்திருந்தது. என் சுண்டுவிரலை அதில் வைத்துப் பார்த்தேன். என் விரலைவிடச் சின்னது.

அந்த வாரம் ஃபிட்டரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். அவருக்குப் பிடித்த மீன்குழம்பு வைத்து, இரண்டாம் தடவை சோறு போட்டுவிட்டு, எழுந்து ஓட முடியாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"தம்பி, நீங்க இப்ப இரும்பு இல்லாம அம்பு விடுறீகளோ?"

"இல்லியே மதினி. ஏன்?"

"இங்க வர்ற பறவையில மூங்கிக் குச்சியால்ல இருக்கு. யாரு அடிக்கிறது?"

அவருக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, தலையைத் தட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் ஒரு பொய்யைத் தேடுகிறதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"அது வந்து மதினி, புதுசா ஒரு ஆளு பழகுறாப்ல. கரேன்காரரு பேரன்."

"அப்பிடியா? நல்ல பயலா?"

"தங்கமான பய மதினி. குழம்பு நல்லாருக்கு."

கொஞ்ச நாள் கழித்துக் கரேன்காரர் வெற்றிலைக் கட்டோடு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். "பேரன் நல்லா வில்லு பழகுறானாமே" என்றேன்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "பேரனா? எனக்குப் பொண்டாட்டியே இல்லியே" என்றார். பிறகு அவருக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அத்தனை வருஷத்தில் அவர் குடிக்காமல் வைத்த தேத்தண்ணி அது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறகி வந்தது. உலை கொதிக்கிறது, நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கிறேன். பழகுகிற ஆள் என்று ஃபிட்டர் சொன்ன சொல் மனதிலேயே நின்றது. அவர் சொன்னதில் அந்த ஒன்று மட்டும்தான் உண்மையாக இருக்கும் என்று தோன்றியது. ஊதுவதை நிறுத்தினேன்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. வில் பழகுகிற பிள்ளைக்கு இரும்பு கொடுக்கமாட்டார்கள், சீவிய மூங்கில் முனைதான். நாலு கால் உள்ளது ஒன்றை அடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை அடிக்கிறதெல்லாம் கன்னி வேட்டை. கன்னி வேட்டை அந்தப் பிள்ளை சாப்பிடுகிற வீட்டு அடுப்பில் ஏறக்கூடாது. விற்கக்கூடாது, அந்நியருக்குக் கொடுக்கக்கூடாது. தகப்பன் வழியில் ஒரு வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும், பெரும்பாலும் அத்தை வீடு. அடித்த பிள்ளையும் சரி, சொல்லிக்கொடுத்த தகப்பனும் சரி, அதில் ஒரு வாய்கூடத் தொடக்கூடாது. அப்படி வாங்கி ஆக்க ஓர் அடுப்பு இல்லையென்றால் பிள்ளை வில்லைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

இது எனக்கு ஏன் முன்னமே தோன்றவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் பக்கம் கன்னி வேட்டையைக் கமுக்கமாகக் கொடுக்கமாட்டார்கள். வாசலில் நின்று, இன்னார் பிள்ளை அடித்தது என்று சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பார்கள். சொல்லாமல் கொடுத்தால் அது கணக்கிலேயே சேராது. இப்படி ஊமையாக வந்த பறவையை நான் எப்படிக் கன்னி வேட்டை என்று நினைப்பேன்?

இப்போது நினைத்தேன். ஊரான் பிள்ளைக்காக யாரும் இந்த முறையைப் பார்க்கமாட்டார்கள். சொந்த இரத்தத்துக்குத்தான் பார்ப்பார்கள். இந்த ரங்கூன் முழுக்கத் தேடினாலும் அவருக்கு உறவென்று இருந்த அடுப்பு என் அடுப்பு ஒன்றுதான். வில் வளைக்கிற பலம் பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயதில் வரும். எனக்குக் கல்யாணமாகி அப்போது ஐந்து வருஷம். கணக்குப் போட எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சிறகி வெந்து தண்ணீர் வற்றிச் சட்டியில் பிடித்துவிட்டது. அவர் முன்னறையிலிருந்து, "என்ன தீயுற வாடை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

அந்த வாரம் முழுக்க ஒரே ஒரு கேள்வியோடு இருந்தேன். அவர் எனக்குப் புருஷனா, இல்லை நான் அவருக்கு வெறும் அடுப்பா? அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. கேட்டுவிட்டால் ஒருவேளை அங்கேயே போய்விடுவார், பிறகு இந்த ஊரில் நான் தனியாக என்ன செய்வது என்ற பயமும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் வில்லோடு படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் நானும் வீட்டைப் பூட்டிக்கொண்டு துறைக்கு நடந்தேன்.

சின்ன ஸ்டீமரில் கால்வாய் வழியாக த்வாண்டே போய் இறங்கினேன். துறையெல்லாம் பானையும் சாடியும். குயவர் தெருவில் ஒரு கிழவரிடம் எனக்குத் தெரிந்த பர்மா பாஷையில், உண்டிவில் வைத்திருக்கிற தமிழ் ஆள் இந்தப் பக்கம் வருவாரா என்று கேட்டேன். கிழவர், வருவாரா என்று என்ன கேள்வி, லோக்லே கலாவின், அதாவது உண்டிவில் இந்தியாக்காரனின், வீடு அதோ, சூளைக்குப் பக்கத்தில், என்று கையைக் காட்டினார். இரண்டு குழந்தைகள் வழிகாட்டவே ஓடிவந்தன. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஓட்டைக்குள் விரலை விட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

மூங்கில் வீடு. முற்றத்தில் பச்சைப் பானைகள் காய்ந்துகொண்டிருந்தன. சக்கரத்துக்கு முன்னால் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள், முகத்தில் தனக்கா என்கிற மரப்பட்டைச் சாந்து பூசியிருந்தாள், கையெல்லாம் மண். சின்ன விரல்கள். என்னைப் பார்த்ததும் அவள் திடுக்கிடவில்லை. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தப்பாகப் பட்டது. அவள் அவரிடம் கற்ற தமிழில் பேசினாள்.

"ரங்கூன் அத்தையா? அவர் தங்கச்சியா? ஏன் இவ்ளோ நாள் வரல?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன்.

"வா, வா, உக்காரு. பறவ எல்லாம் சாப்ட்டியா? நல்லா இருந்துச்சா? என் பொண்ணு கேட்டுக்கிட்டே இருப்பா, அத்தை சாப்ட்டாங்களா, அத்தை என்ன சொன்னாங்கன்னு."

பொண்ணு. பையன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் ஊரில் பெண் பிள்ளை கையில் வில் கொடுக்கமாட்டார்கள். அண்ணன்மார் பழகும்போது ஒரு தடவை, ஒரே தடவை, இழுத்துப் பார்க்கிறேன் என்று நான் கேட்டதற்கு அப்பா கையை ஓங்கினார். அந்த வில்லை இவர் இங்கே ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார். புருஷன் மேல் வந்த கோபத்தோடு இந்தப் பொறாமையும் வந்து சேர்ந்துகொண்டது. எது பெரியது என்று அப்போது என்னால் சொல்ல முடிந்திருக்காது.

அவள் எனக்கு வெறும் தேயிலைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். ஊற்றும்போது அவள் கண் என் கழுத்தில் தாலிக்கயிற்றில் நின்றது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இவளும் என் ஜாதிதான், இவளுக்கும் சந்தேகம் பழக்கம் என்று புரிந்தது. பல நாளாகவே ஏதோ உறுத்தியிருக்கிறது இவளுக்கு.

"அத்தை புருஷன் எங்க வேலை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொல்லாமல் திரும்பி வந்திருக்கலாம். அத்தையாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாம், அவரும் வழக்கம்போல வீட்டுக்கு வந்திருப்பார். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இத்தனை நாள் யாரும் உண்மை சொல்லவில்லை. நானும் அதையே இவளுக்குச் செய்ய மாட்டேன் என்று நினைத்தேன்.

"தொறைமுகத்துல வின்ச் இழுக்குறாரு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. இப்ப உன் வீட்டுக்குப் பின்னாடி எங்கயோ சதுப்புல நின்னு உன் பொண்ணுக்கு வில்லு புடிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு."

அவள் கத்தவில்லை. கெட்டிலை மண் தரையில் வைத்தாள்.  "எனக்குத் தங்கச்சின்னு சொன்னாரு" என்றாள். "எனக்கு ஒண்ணுமே சொல்லல" என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேரும் வரப்பு வழியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

வெயில் ஏறிய பிறகு வந்தார்கள். ஃபிட்டர்தான் முதலில் என்னைப் பார்த்தார். பார்த்தவர், அம்பைத் தொலைத்துவிட்ட மாதிரி சட்டென்று குனிந்து, திரும்பி வந்த வழியே வேகமாக நடந்துவிட்டார். இவர் வாசல் வரை வந்துவிட்டார். என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். 

பின்னாலிருந்து அந்தப் பெண் ஓடிவந்தாள். அவருடைய நெற்றி, அவருடைய காது. தோளில் சின்ன மூங்கில் வில், கையில் ஒரு கானாங்கோழி. அம்மா பர்மா பாஷையில் ஏதோ சொல்லவும் நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அத்தே!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கோழியை அப்பாவிடம் நீட்டினாள், அவர் அதை என்னிடம் கொடுப்பதற்காக. அவரும் பழக்கத்தில் வாங்கி என் பக்கம் நீட்டினார்.

"வேணாம்" என்றேன்.

குழந்தையின் முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு முறை தெரியும், இவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அத்தை வாங்காவிட்டால் வில்லைக் கீழே வைக்க வேண்டும். தோளில் இருந்த வில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவர் மேல் எவ்வளவு ஆத்திரமோ அவ்வளவும் அந்தக் கையைப் பார்த்ததும் வேறெங்கோ போனது.

அவரிடம் கேட்டேன். "கன்னி வேட்டைய வாயத் தொறந்து சொல்லிக் குடுக்கணும்னு உங்களுக்குத் தெரியாதா? இத்தன நாளும் ஊமையாக் கொண்டாந்து குடுத்தீகளே, அதுல ஒண்ணாச்சும் இவ கணக்குல சேருமா? என்னைத்தான் ஏமாத்துனீக. பெத்த பிள்ளையையும் சேத்தா ஏமாத்தணும்?"

 நான் குழந்தை பக்கம் திரும்பினேன். "அதை உங்கப்பா கையிலருந்து வாங்கு. நீ குடு. யாரு அடிச்சதுன்னு சத்தமாச் சொல்லு."

அவள் வாங்கினாள். நிமிர்ந்து நின்று, "இது நான் அடிச்சது. எங்கப்பா பிள்ள அடிச்சது. வாங்கிக்க அத்தே" என்றாள். பக்கத்து முற்றத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்.

"அத்தை இல்ல" என்றேன். "சின்னம்மா."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "வாங்கிக்க சின்னம்மா" என்றாள் குழந்தை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கோழி இன்னும் சூடாக இருந்தது.

துறைக்கு நடந்தபோது பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த ஸ்டீமருக்கு நேரமாகிறது, நானும் வாரேன் என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க அந்தக் கோழியத் தொடக்கூடாதுல்ல. இங்கேயே இருங்க" என்றேன். சத்தம் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, அதை ஒழுங்காக ஆக்கி, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கரேன்காரர் வெற்றிலைக் கட்டோடு ஒரு பறவையும் கொண்டுவருவார். வாசலில் நின்று, இன்னார் பிள்ளை அடித்தது என்று சந்துக்கே கேட்கும்படி சொல்லித்தான் கொடுப்பார். நான் வாங்கி ஆக்குவேன். அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு அந்த அடுப்பில் நான் மறுபடி உலை வைக்கவில்லை.